கல்யாணம் முடியட்டும் டாக்டர்

கொஞ்சம் நீளமான த்ரெட். வீட்டில் யாருக்காவது கல்யாணம் பேசி வச்சிருக்கீங்கன்னா பொறுமையா கடைசி வரைக்கும் படிச்சிடுங்க.

போன வாரம் ஓபிக்கு ஒரு அம்மா வந்தாங்க. வயசு ஐம்பதை ஒட்டி இருக்கும். பகலில் நூல் மில் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் இட்லி மாவு அரைச்சு, பாக்கெட் போட்டு, தெருத் தெருவா விக்கிறாங்க. (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

வெறும் வயிற்றில் சுகர் 268.

"மாத்திரை ஒழுங்கா போடறீங்களாம்மா?"

"போடறேனுங்க சார்."

"தினமுமா?"

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் மெதுவா, "ஒருநாள் விட்டு ஒருநாள் போடறேனுங்க. தை மாசம் பாப்பாவுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம். கல்யாணம் முடியட்டும் சார், அப்புறம் ஒழுங்கா போட்டுக்கறேன்" என்றார்.

வழக்கமா இந்த இடத்தில் நான் திட்டுவேன். அன்னைக்குத் திட்ட முடியல. ஏன்னா இதே வார்த்தையை என் வீட்டில் மூணு வருஷம் கேட்டிருக்கேன்.

அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன்.

*

எங்க ஊர் கரூர். அப்பா ஒரு பெட்ஷீட் எக்ஸ்போர்ட் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அம்மா வீட்டிலேயே மெஷின் போட்டு தலையணை உறை தைப்பாங்க. உறைக்கு ஒண்ணரை ரூபாய். நான் மூத்தவன். எனக்கு ஒரு தங்கச்சி.

2009-ல் நான் எம்.பி.பி.எஸ். முடிக்கிற நேரம். தங்கச்சி காலேஜில் சேர்ந்திருந்தா. ஒருநாள் ராத்திரி அப்பா ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, மேலே பிள்ளையார் சுழி போட்டு, "பாப்பா கல்யாணம்" என்று எழுதினார். படிப்பு முடிஞ்சதும், அதாவது மூணு வருஷத்தில், கல்யாணம். 20 பவுன் நகை, மண்டபம், சாப்பாடு.

அப்போ ஒரு பவுன் சுமார் 11 ஆயிரம் ரூபாய். 20 பவுனுக்கு 2 லட்சத்து 20 ஆயிரம். "மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஓடினா முடிச்சிடலாம்" என்றார் அப்பா.

ஓடினார். பகல் ஷிப்ட் முடிஞ்சு, சாயங்காலம் இன்னொரு கம்பெனியில் நாலு மணி நேரம். கப்பலுக்குச் சரக்கு போகிற வாரங்களில் ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. வந்த காசை மாசா மாசம் பேங்கில் ஆர்.டி. கட்டினார். அம்மா ஒரு சீட்டுப் போட்டாங்க.

2010-ல் ஹவுஸ் சர்ஜன் முடிச்சதும் நானும் சேர்ந்துக்கிட்டேன். திருச்சியில் பகலில் ஒரு ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர். வாரத்தில் நாலு ராத்திரி இன்னொரு ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி. ஒரு நைட்டுக்கு 800 ரூபாய். மாசம் 12,800 ரூபாய் கூடுதலா வந்தது. பி.ஜி. என்ட்ரன்ஸ் புத்தகங்களைக் கட்டிப் பரண் மேல போட்டாச்சு. தங்கச்சி கல்யாணம் முடியட்டும், அப்புறம் படிச்சுக்கலாம்.

ஆனா நாங்க ஓடினதைவிட தங்கம் வேகமா ஓடுச்சு. 2012-ல் பவுன் 20 ஆயிரத்தைத் தாண்டிடுச்சு. அதே 20 பவுன் இப்போ 4 லட்சத்துக்கும் மேல். செய்கூலி, சேதாரம் தனி. ஆர்.டி. வட்டியெல்லாம் இதுக்கு முன்னாடி நிக்கவே இல்ல.

20 பவுனை 12 ஆக்கலாம் என்று யாரும் சொல்லல. மாப்பிள்ளை வீட்டில் இவ்வளவு வேணும்னு கேட்கக்கூட இல்லை. நாங்களாத்தான் சொன்னோம். சொன்ன வாக்கு, சொந்தக்காரங்க முன்னாடி மானம்.

அதனால நகையை யாரும் குறைக்கல. ஆளாளுக்கு வெளியே தெரியாத இடத்தில் குறைச்சுக்கிட்டோம்.

நான் குறைச்சது தூக்கத்தை. ஒருநாள் தொடர்ந்து ரெண்டு நைட் பார்த்துட்டு, காலையில் பைக்கில் ஊருக்குக் கிளம்பினேன். குளித்தலை தாண்டி ஒரு இடம். கண்ணு எப்போ மூடுச்சுன்னு தெரியல. முழிச்சப்போ பைக் ரோட்டை விட்டு மண்ணில் ஓடிக்கிட்டிருந்தது. பக்கத்தில் வாய்க்கால். எப்படியோ நிறுத்தி, ஒரு புளியமரத்தடியில் அரை மணி நேரம் கை நடுங்க உட்கார்ந்திருந்தேன். வீட்டில் யார்கிட்டயும் சொல்லல.

அப்பா குறைச்சது மாத்திரையை.

*

அப்பாவுக்கு அப்போ எட்டு வருஷமா சுகர், கூடவே பி.பி. மாத்திரை செலவு மாசம் 450 ரூபாய். "நான் வாங்கித் தரேன்ப்பா" என்று சொன்னா, "நீ அதைப் பாப்பாவுக்குச் சேர்த்து வை சாமி, நான் பார்த்துக்கறேன்" என்பார். ஊருக்குப் போகும்போதெல்லாம் கேட்பேன், "மாத்திரை போடறீங்களா?" "போடறேன் சாமி." அதோட முடிஞ்சது.

ஒரு நாளைக்கு நூறு பேருக்குச் சுகர் பார்த்து மருந்து எழுதினவன் நான். என் அப்பாவுக்குக் கடைசியா எப்போ ரத்தம் எடுத்தோம்னு எனக்குத் தெரியாது.

2012 ஆவணியில் கல்யாணம். பத்திரிகை வைக்க அப்பா புதுச் செருப்பு போட்டு ஊர் ஊராய் அலைஞ்சார். முகூர்த்தம் நல்லபடியா முடிஞ்சது. பந்தி நடக்கும்போது அம்மாதான் பார்த்தாங்க, மண்டபத்துத் தரையில் அங்கங்கே ரத்தக் கறை. அப்பா நடந்த தடம்.

செருப்புக் கடி. கட்டை விரலுக்கும் பக்கத்து விரலுக்கும் இடையில் புண். ஒரு வாரமா இருந்திருக்கு. அவருக்கு வலிக்கவே இல்லை.

வலிக்கலைன்னா நல்லதுதானேன்னு நினைப்போம். சுகர்காரங்களுக்கு அதுதான் ஆபத்து. ரொம்ப நாள் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லைன்னா, பாதத்து நரம்பு மரத்துப் போகும். முள் குத்தினாலும் செருப்பு கடிச்சாலும் மூளைக்குத் தகவல் போகாது. ரத்த ஓட்டமும் குறையறதால புண் ஆறாது. கிருமி உள்ளே இறங்கிடும்.

அன்னைக்குக் கட்டுப் போட்டு, "நாளைக்குப் பார்க்கலாம்ப்பா" என்றேன். "மறுவீடு முடியட்டும் சாமி" என்றார். நானும் விட்டுட்டேன். மூணாம் நாள் குளிர் காய்ச்சல், கணுக்கால் வரைக்கும் வீக்கம். சுகர் 412.

தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். அங்கே படிச்சு வந்தவன்தான் நான். பதற்றத்தில் அது தோணல. ரெண்டு விரலை எடுத்தாங்க. காலைக் காப்பாத்திட்டாங்க.

படுக்கையில் வச்சுக் கேட்டப்பதான் சொன்னார். மூணு வருஷமா பாதி மாத்திரைதான். காலையில் போட்டா ராத்திரி இல்லை.

*

அப்புறம் அந்த நோட்டில் நானே ஒரு கணக்குப் போட்டேன்.

மாசம் 450-ல் பாதி 225 ரூபாய். மூணு வருஷத்துக்கு 8,100 ரூபாய். அன்னைக்கு விலைக்கு அரைப் பவுன்கூட இல்லை.

ஆஸ்பத்திரி பில் 1,35,000. மூணு மாசம் வேலைக்குப் போகாததில் போன சம்பளம் 27,000. ஆக 1,62,000 ரூபாய். மிச்சம் பிடிச்சதைப் போல இருபது மடங்கு. ஏழு பவுனுக்குக் கிட்ட.

சமையல்காரருக்கும் மண்டபத்துக்கும் பாக்கி கொடுக்க வச்சிருந்த மொய்ப் பணம் மொத்தமும் ஆஸ்பத்திரிக்குப் போச்சு. மொய் சும்மா வந்த பணம் இல்லை, ஒவ்வொரு வீட்டுக்கும் திருப்பிச் செய்யணும். அந்தப் பாக்கியை அடைக்க இன்னும் ஒரு வருஷம் நைட் டூட்டி பார்த்தேன்.

ஒரு டாக்டரா நியாயமா சொல்லணும். எட்டு வருஷச் சுகர் அது. முழுப் பழியையும் அந்த மூணு வருஷத்து மேல போட முடியாது. ஒழுங்கா மாத்திரை போட்டிருந்தாலும் நரம்பு கொஞ்சம் பாதிச்சிருக்கலாம். ஆனா மாசம் ஒருமுறை டாக்டரைப் பார்த்திருந்தா, யாராவது ஒருத்தர் அந்தப் பாதத்தைக் குனிஞ்சு பார்த்திருப்பாங்க.

எனக்கு அதைவிட வலிச்சது தங்கச்சி கேட்ட கேள்வி. ஆஸ்பத்திரியில் தாலிக் கயிற்று மஞ்சள்கூட காயாம நின்னுக்கிட்டு கேட்டா, "எனக்கு 20 பவுன் வேணும்னு நான் எப்பண்ணா கேட்டேன்? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கல. மூணு வருஷம் அவளுக்காக மூணு பேர் ஓடினோம். அவகிட்ட ஒருத்தரும் கேட்கல. அந்த நகையில் பாதிக்கு மேல எட்டே மாசத்தில் வீட்டு அட்வான்ஸுக்காக அடகுக்குப் போனது வேற கதை.

*

கல்யாணத்துக்குக் காசு சேர்க்காதீங்கன்னு நான் சொல்ல வரல. கூடுதல் வேலை பார்க்கிறது தப்பில்லை, பெருமைதான். நான் பொருளாதார நிபுணரும் இல்லை. ஒரு டாக்டரா, அந்த நோட்டைப் பார்த்தவனா, சிலதை மட்டும் சொல்றேன்.

1. கல்யாண பட்ஜெட்டில் முதல் வரியா அப்பா அம்மா மருந்துச் செலவை எழுதுங்க. மண்டபம், நகை எல்லாம் அதுக்குக் கீழே வரட்டும்.

2. மருந்துக்குக் காசு இல்லைன்னா மருந்தை நிறுத்தாதீங்க, வாங்கும் இடத்தை மாத்துங்க. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர், பி.பி. மாத்திரை இலவசம். 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டு வந்து தர்றாங்க. மத்திய அரசின் மக்கள் மருந்தகம், 2025-ல் வந்த முதல்வர் மருந்தகம் இரண்டிலும் ஜெனரிக் மாத்திரை குறைஞ்ச விலையில் கிடைக்கும்.

3. சுகர் மாத்திரை போட்டுட்டு ஓ.டி. பார்க்கிறவங்க சாப்பாட்டைத் தள்ளிப் போடாதீங்க. சில மாத்திரைகளுக்கு, சாப்பிடாம இருந்தா சுகர் ரொம்ப இறங்கிடும். படபடப்பு, வியர்வை, மயக்கம் வரும். மெஷின் முன்னாடி அது உயிருக்கே ஆபத்து. ஷிப்ட் மாறினா மாத்திரை நேரத்தை டாக்டர்கிட்ட கேட்டு மாத்திக்கோங்க.

4. நைட் டூட்டி முடிச்சு அப்படியே வண்டி எடுக்காதீங்க. பஸ்ஸில் போங்க. இல்லைன்னா ரெண்டு மணி நேரம் தூங்கிட்டுக் கிளம்புங்க. தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டுறது குடிச்சுட்டு ஓட்டுறதுக்குச் சமம்.

5. சுகர் இருக்கிறவங்க தினமும் ராத்திரி பாதத்தையும் விரல் இடுக்கையும் பாருங்க. கண்ணு தெரியலைன்னா பிள்ளைங்க பாருங்க. கல்யாண வீட்டில் புதுச் செருப்பை முதல் நாளே ஊரெல்லாம் போட்டு நடக்க வேண்டாம்.

6. நகைதான் இலக்குன்னா, பணமா சேர்த்துக் கடைசியில் வாங்கலாம்னு இருந்துடாதீங்க. விலை ஏறினா எங்க கதைதான். முடியும்போது அரை கிராம், ஒரு கிராமா வாங்கி வைங்க. சீட்டுப் போட்டா பதிவு பெற்ற நிறுவனமான்னு பாருங்க.

7. எல்லாத்துக்கும் மேல, கல்யாணம் பண்ணிக்கப் போறவங்ககிட்ட கணக்கைக் காட்டுங்க. எவ்வளவு இருக்கு, எவ்வளவு கடன், யார் எதை விட்டுக்கொடுக்கிறாங்க, எல்லாத்தையும். பிள்ளைங்க நாம நினைக்கிறதைவிட விவரமானவங்க.

*

அப்பா நல்லா இருக்கார். இன்சுலின் போடறார். எம்.சி.ஆர். செருப்பு போட்டுத்தான் நடக்கிறார். யாராவது கேட்டா, "ரெண்டு விரல்தானே, பாப்பா கல்யாணம் ஜம்முன்னு நடந்துச்சில்ல" என்பார். தங்கச்சி எழுந்து உள்ளே போயிடுவா.

அந்த மாவு விக்கிற அம்மாவுக்கு என்ன சொன்னேன்னு கேட்கிறீங்களா? மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். சுகாதார நிலையத்தில் இதே மாத்திரை சும்மா கிடைக்கும்னு சொன்னேன். "அடுத்த தடவை வரும்போது உங்க பொண்ணையும் கூட்டிட்டு வாங்க" என்றேன்.

நேற்று ரெண்டு பேரும் வந்தாங்க. பொண்ணு தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறா. அம்மா ஒருநாள் விட்டு ஒருநாள்தான் மாத்திரை போடறாங்கன்னு நான் சொன்னதும் அந்தப் பொண்ணு அம்மாவையே பார்த்துக்கிட்டு இருந்தா. "எனக்குத் தெரியாதுங்க சார்" என்றா. அப்புறம் கைப்பையில் இருந்து நோட்டு ஒண்ணு எடுத்து, மாத்திரை பேரையெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதிக்கிட்டா.

உங்க வீட்டில் இப்போ கல்யாண வேலை நடக்குதுன்னா, ஒரே ஒரு உதவி பண்ணுங்க. அப்பா அம்மாகிட்ட "மாத்திரை போடறீங்களா"ன்னு கேட்காதீங்க. போடறேன்னுதான் சொல்வாங்க. இன்னைக்கு ராத்திரி அந்த மாத்திரை அட்டையைக் கையில் எடுங்க. வாங்கின தேதியைப் பாருங்க. மீதி எத்தனை இருக்குன்னு எண்ணுங்க.

கணக்கு உதைச்சா, நாளைக்கே கூட்டிட்டுப் போங்க. கல்யாணம் முடியற வரைக்கும் காத்திருக்காதீங்க.