மகளுக்குக் கட்டிய வீட்டில் ஓர் இரவு

உங்கள் குடும்பத்தில் பழைய வீடு ஒன்று இருக்கிறதா? இருந்தால், அதைப் பற்றிய சண்டையும் இருக்கும் என்று சொல்ல ஜோசியம் தெரிய வேண்டியதில்லை!

ஆறுமுகநேரியில் என் பெரியம்மை வீட்டில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. ஊருக்கு வெளியே வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். ஊருக்குள் தேக்குத் தூணும் மங்களூர் ஓடும் நீளத் திண்ணையுமாக அந்த வீடு. பிள்ளைகள் மூவரும் மூன்று ஊரில்.

"இடிச்சிப் போட்டு மனையா வித்திருவோம்ங்கானுவ. நீதான் ஊர் ஊராச் சுத்துதியே, இந்த வீட்டை என்ன செய்ய? நீ சொல்லுளா!" என்றாள் பெரியம்மை.

எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த வாரமே பத்திரிகை வேலையாகச் செட்டிநாட்டுக்குப் போனேன். கேள்வியும் கூடவே வந்தது.

கானாடுகாத்தானில் நான் தங்கிய விடுதிக்கு 'விசாலம்' என்று பெயர். கே.வி.ஏ.எல். ராமநாதன் செட்டியார் தம் மூத்த மகள் விசாலாட்சிக்காகக் கட்டிய வீடு அது. மகளுக்கு வளையலும் சங்கிலியும் செய்து போடும் தகப்பனாரைப் பார்த்திருக்கிறோம். இவர் மாளிகையே கட்டியிருக்கிறார்! வாடகை, மாதச் சம்பளக் குடும்பத்துக்குக் கொஞ்சம் கனம்தான். ஆனால் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் கூரை. வெளியே வெயில் கொளுத்த, உள்ளே குளுகுளு.

செட்டிநாட்டுச் சுவரைத் தொட்டுப் பாருங்கள், பட்டுப் புடவை மாதிரி வழுவழுக்கும். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, தடவைக்குத் தடவை பூசி மெருகேற்றியது. தரைக்கு ஆத்தங்குடிக் கல். கண்ணாடிப் பலகையின் மேல் வர்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, உலர்த்தித் தண்ணீரில் ஊற வைக்கிறார்கள். சூளையே கிடையாது, பளபளப்பைக் கண்ணாடி கொடுத்துவிடுகிறது!

இத்தனை செல்வமும் பர்மா, இலங்கை, மலேயா வியாபாரத்தில் வந்தது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்ததும் பலருக்கு அது போயிற்று. பிள்ளைகள் பட்டணங்களுக்குப் பிரிந்தார்கள். ஒரே வீட்டுக்குப் பத்துப் பங்காளி. கல்யாணம், காரியத்துக்கு மட்டும் கதவு திறக்கும். கடைசியில் இடிப்பார்கள். தூணும் நிலைக்கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விலைக்கு நிற்கும். 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டுக் கிராமங்கள் இடம்பெற்றன. ஆனால் பட்டியல் வந்து ஓட்டை மாற்றித் தருமா?

தப்பித்த வீடுகளில் சில விடுதியாக மாறியவை. காரைக்குடியில் 'பங்களா', கொத்தமங்கலத்தில் 'சாரதா விலாஸ்', கடியாபட்டியில் 'சிதம்பர விலாஸ்'. வடக்கே ராஜஸ்தானத்தில் 1464-ஆம் ஆண்டு நீம்ரானா கோட்டையே 1991-இல் விடுதியாயிற்று. ஸ்பெயின் தேசத்தில் அரசாங்கமே 1928 முதல் இப்படி விடுதிகள் நடத்துகிறது. பழைய கோட்டைகளும் மடங்களும் அவற்றில் உண்டு.

'மகளுக்குக் கட்டிய வீட்டில் யார் யாரோ தூங்குவதா?' என்று இரவு படுக்கும்போது எனக்கும் உறுத்தத்தான் செய்தது. விடியற்காலையில் வாசல் தெளிக்கும் சத்தத்தில் கண் விழித்தேன். அப்புறம் அடுக்களையிலிருந்து தாளிக்கும் வாசனை. பூட்டிய வீட்டைக் கறையான் தின்னும். பெருக்கி, விளக்கேற்றி, சமைக்கிற வீடுதான் நிற்கும். இது நமக்கெல்லாம் தெரிந்த விஷயம்தானே?

திரும்பி வந்து பெரியம்மையிடம் சொன்னேன்: "உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியை அரிக்கும். உங்கள் சுண்ணாம்புச் சுவரில் அரிக்கக் கம்பியே இல்லை. இடிக்க அவசரப்படாதீர்கள். திருச்செந்தூருக்கு வருகிறவர்களுக்கு முன்கட்டு இரண்டு அறையை வாடகைக்கு விட்டுப் பாருங்களேன்."

பெரியம்மை சிரித்துவிட்டாள். "உங்க தாத்தா காலத்துல பாதயாத்திரைக்காரங்க அம்புட்டுப் பேரும் நம்ம திண்ணையிலதான படுப்பாங்க! துட்டுதான் வாங்கல."

அவள் வீடு முன்பே விடுதிதான். எனக்குத்தான் தெரியாமல் போயிற்று!

வருகிற கந்த சஷ்டிக்கு முன் ஓடு மாற்ற ஏற்பாடு. பிள்ளைகளில் இருவர் சம்மதித்துவிட்டார்கள். மூன்றாமவருக்குப் பெரியம்மை ஒரு பெட்டி கருப்பட்டி அனுப்பியிருக்கிறாள்.