பழைய வால்வு ஏன் போயிற்று?

ஜூலை மாதம் பிறந்துவிட்டால், பலெர்மோவில் சாந்தா ரொசாலியாவின் திருவிழாவுக்கு ஆயத்தமாகும் வாத்தியக்காரர்கள், ஓராண்டாகத் தூசி படியவிட்ட கிட்டார் ஆம்ப்ளிஃபையர்களைச் சுமந்துகொண்டு பல்லாரோச் சந்தையின் பின்புறமுள்ள என் மேசையைத் தேடி வருவார்கள். சைவரும் கத்தோலிக்கரும் பேதமின்றிப் பெல்லெக்ரினோ மலையேறி அந்தப் புனிதையை வணங்கும் ஈழத்தமிழ்க் குடும்பங்களில், இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் அவர்களுள் உண்டு. "அண்ணை, இதுக்கு எந்த வால்வு திறம்?" என்பார்கள். "பழையது ஏன் போனது, தம்பி?" என்றே நான் கேட்பேன்.

ஒரு பவர் வால்வு தன் ஆயுளை முடித்து அமைதியாக ஓய்வதும் உண்டு. ஆனால் நான் கண்டவற்றுள் பல, பிறிதொன்றின் பிழைக்குப் பலியானவை. முன்கட்டத்திலிருந்து ஒலியை மட்டும் கடத்தி, டி.சி. அழுத்தத்தை மறிக்கவேண்டிய சிறு கண்டன்சர் ஒன்று மூப்பினால் கசியத் தொடங்குமாயின், கிரிடில் நிற்கவேண்டிய எதிர்மின் அழுத்தம் குலைந்து, ஓட்டம் கட்டுக்கடங்காமல் பெருகி, பிளேட் அடுப்புத் தணலாய்ச் சிவந்துவிடும். அந்தக் கண்டன்சரை மாற்றாமல் புதிய வால்வைச் செருகுவது, புதியதையும் அதே தணலில் இடுவதாகும்.

அடுத்தது பொருத்தம். ஈ.எல்.34, 6எல்6 ஆகிய இருவகைப் பவர் வால்வுகளும் எட்டுக் கால் சாக்கெட்டில் ஒன்றுபோல இறங்குவதாலேயே மயக்கம் பிறக்கிறது. ஈ.எல்.34-இன் முதற்காலில் உள்ள சப்ரஸர் கிரிடை எட்டாம் காலோடு இணைத்தாக வேண்டும். அதன் ஹீட்டர் 6.3 வோல்ட்டில் 1.5 ஆம்பியர் கேட்கும், 6எல்6ஜி.சி.க்கோ 0.9 போதும். இத்தொழிலுக்கு வந்த புதிதில், ஒருவருடைய ஆசைக்கு இணங்கி, டிரான்ஸ்பார்மரின் சக்தியை ஆராயாமல் 6எல்6 இருந்த இடத்தில் ஈ.எல்.34 சோடியைப் பொருத்தினேன். இரண்டு மணி நேரத்தில் டிரான்ஸ்பார்மர் தொடமுடியாதபடி சுட்டு, அரக்கு உருகும் வாடை எழுந்தது. ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்கு உரியவர் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. அதுவே எனக்கு நெடுநாள் வருத்தமாக இருந்தது.

மிலானில் மெயாட்ஸியும் பார்மாவில் தாவோலியும் செய்த பழைய இத்தாலியப் பெட்டிகளில் இன்னொரு விசேஷமான சிரமம் உண்டு. அவை 220 வோல்ட்டை உத்தேசித்துச் செய்யப்பட்டவை. இன்று சுவரில் வருவதோ 230. ஆகவே பிளேட்டில் 430 நின்ற இடத்தில் இப்போது ஏறக்குறைய 450 நிற்கும். ஈ.எல்.34-இன் பிளேட் தாங்கும் எல்லை 25 வாட். அதன் நூற்றுக்கு எழுபது பங்கான 17.5 வாட்டை 450-ஆல் வகுத்தால், ஓய்வு நிலையில் ஏறத்தாழ 39 மில்லி ஆம்பியருக்கு மேல் விடலாகாது என்பது தெரியும். கதோடுக்கும் தரைக்கும் இடையே ஓர் ஓம் ரெசிஸ்டரை வைத்து அதன் மில்லி வோல்ட்டைப் படித்தால் அந்த எண் நேரே கிடைத்துவிடும். ஸ்கிரீன் கிரிடின் பங்கும் அதில் சேர்ந்திருப்பதால் சற்றே குறைத்துக்கொள்வேன். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் பெரிய கண்டன்சர்கள் உயிரை வாங்கவல்ல சேமிப்போடு காத்திருக்கும் என்பதால், அவற்றை வடித்துவிடாமல் ஒருவரும் உள்ளே கைவைக்கக்கூடாது.

வால்வு எந்த ஆலையுடையது என்ற பெயரைப் பற்றிய விவாதம் இவற்றிற்குப் பின்னரே வரட்டும். பவீயாவில் ஃபிவ்ரே ஆலை வால்வு செய்த காலம் போயிற்று. இன்று வருபவை ஸ்லோவாக்கியாவின் சாட்சாவிலும் ருஷியாவின் சராத்தோவிலும் சீனத்திலும் பிறந்தவை. முத்திரையைவிட, சோடியில் இரண்டும் ஒரே அளவு மின்னோட்டம் இழுக்கின்றனவா என்பதே எனக்குப் பிரதானம். அந்தச் சமநிலை குலைந்தால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் உள்ளிரும்பு ஒருபக்கமாகக் காந்தமேறி, தாழ்ந்த சுரங்கள் கனம் இழந்துவிடும்.

சென்ற வாரம் ஒரு தம்பியின் பெட்டிக்குக் கசிந்த கண்டன்சரை மாற்றி, புதிய சோடியை இருத்தி, ஒரு மணி நேரம் சூடேறவிட்டு மீண்டும் அளந்தேன்: ஒன்றில் 35, மற்றதில் 36. அவன் கிட்டாரை மாட்டி, தாழ்ந்த கம்பியை ஒருமுறை மீட்டி, அது முற்றும் அடங்கும்வரை தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான்.