நியூட்ரலில் ஓர் இறக்கம்

பூனாகலைப் பக்கம் இறக்கம் வந்தாலே எங்க பயலுக பைக்கை நியூட்ரலுக்குத் தள்ளிடுவாங்க. 2022இல் கியூஆர் கோட் காட்டி பெட்ரோல் அடிச்ச காலத்தில் அது சிக்கனமாத் தெரிஞ்சது. மிச்சமாவது சொற்பம்தான். கியர் இல்லாட்டி எஞ்சின் வண்டியைப் பிடிச்சு வைக்காது. முழுப் பாரமும் பிரேக்குக்கு. பிரேக் சூடேறினா பிடிமானம் குறையும். பின்னால தங்கச்சியும் அரிசி மூட்டையும் வேற! எல்ல–வெல்லவாய வீதியில் 2025 செப்டம்பர் 4 இரவு பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் செத்தாங்க. அந்த வீதி நமக்குத் தூரமில்லை. இரண்டாம் கியரில் இறங்குங்க அண்ணாமாரே, வளைவில் ஹார்ன் அடிங்க. விடியக்காலைல மூடுபனிக்குள்ள கூடையோட மலைக்குப் போற அக்காமாருக்கு நடக்க வேற ரோடு இல்ல.