ஓடுமா, குத்தாய் நிற்குமா?

காம்பவுண்டுச் சுவரோரம் நடுவதற்காகப் போன மாதம் அழகு மூங்கில் ஒன்று வாங்கி வந்தேன். மெல்லிய மஞ்சள் தண்டு, சலசலக்கும் இலை. பின்கட்டுக்கு மறைப்பும் ஆயிற்று, நிழலும் ஆயிற்று என்று எனக்கு ஒரே சந்தோஷம். திண்ணையிலிருந்த மாமியார் தொட்டியை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏனம்மிணி, இது குத்தா நிக்குமா, ஓடுமா?"

"மூங்கில் எங்கே அத்தை ஓடும்?" என்று சிரித்தேன்.

"ஆகாயத்தாமரையும் தொட்டிய உட்டுப் போவாதுன்னுதான சொன்னே?"

என் சிரிப்பு நின்றுவிட்டது.

அது பழைய கதை. ஊதாப் பூவுக்கு ஆசைப்பட்டுச் சிமெண்டுத் தொட்டியில் ஆகாயத்தாமரை வளர்த்தேன். தொட்டி நிறைந்ததும் மிஞ்சியதை வாரி வாய்க்காலில் போட்டேன். வாய்க்கால் போய்ச் சேருவது ஊர்க் குளத்துக்கு. இரண்டே வருஷத்தில் குளத்தில் தண்ணீர் தெரியவில்லை. சாயங்காலமானால் தெருவெல்லாம் கொசு. என்னால்தான் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நெஞ்சு குறுகுறுக்கும்.

தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காக வந்த செடி அது. வங்காளத்தில் ஆறு, குளமெல்லாம் அடைத்து, 1936-ல் அதற்கென்றே சட்டம் போட வேண்டி வந்தது. நம் கோவையில் உக்கடம் பெரியகுளமும் சிங்காநல்லூர்க் குளமும் அதனிடம் பட்ட பாட்டை நாமே பார்த்திருக்கிறோம். மலைக்காடுகளில் மேய்ச்சல் புல்லை விழுங்கிய உண்ணிச்செடியும் தோட்டத்து அழகுக்காக வந்ததுதான்!

அதனால் இம்முறை நடுமுன் விசாரித்தேன். நம் காட்டுக் கல்மூங்கிலும் பெருமூங்கிலும் ஒரே இடத்தில் புதராய் நிற்பவை. சீனத்துத் தங்க மூங்கிலோ மண்ணுக்கடியில் கிழங்கை நீள ஓட்டி, பல அடி தள்ளி முளைக்கும். 1882-ல் அமெரிக்காவின் அலபாமாவுக்கு அலங்காரத்துக்காகப் போனது, இன்று அங்கே தென்மாநிலங்களில் அடங்காத செடியாகிவிட்டது.

கண்டுபிடிப்பது சுலபம். தங்க மூங்கிலில் கிளைக்கு மேலே தண்டு ஒரு பக்கம் பள்ளமாயிருக்கும். கணுவுக்குப் பெரும்பாலும் இரண்டே கிளை. தொட்டியைக் கவிழ்த்தால், மெலிந்த நீளக் கிழங்கு பக்கவாட்டில் ஓடியிருக்கும். குத்து மூங்கிலின் கிழங்கு குட்டை, தடிமன். கணுவில் பல கிளை. பெயரை மட்டும் நம்பாதீர்கள். பச்சைக் கோடு போட்ட தடித்த மஞ்சள் மூங்கில் குத்து வகைதான். ஆனால் அதன் வெட்டிய தண்டு ஈர மண்ணில் கணுவிலேயே வேர் விடும். ஆகவே எந்த வகையானாலும் கழித்ததை வாய்க்காலில் எறியக் கூடாது.

என் தொட்டியைக் கவிழ்த்தேன். கிழங்கு ஒரு சுற்றே சுற்றியிருந்தது! சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. நட்டிருந்தால்?

திருப்பிக் கொடுக்கலாமென்றால், வேறொருத்தி வாங்கி நட்டுவிடுவாளே! மொட்டை மாடியில், செங்கல் மேல் தூக்கி வைத்த சிமெண்டுத் தொட்டியில் இப்போது நிற்கிறது. சுவரோரம் செம்பருத்தி. மூங்கிலில் கழிக்கும் குச்சியெல்லாம் வெயிலில் நன்றாய்க் காய்ந்து வெந்நீர் அடுப்புக்குப் போகிறது.

"இப்பத்தான் புத்தி வந்துச்சு" என்றார் அத்தை. குளத்துக்கு நான் பட்ட கடன் அப்படியேதான் இருக்கிறது. இன்னொரு கடன் சேராமல் தப்பித்தேன்.