சுவரில் தொங்கும் கிணறு

ராசிபுரம் தாண்டி நாமகிரிப்பேட்டை பக்கம் போனால் மஞ்சளும் மரவள்ளியுமாக இருக்கும். அங்கே ஒரு தோட்டத்துக்கு மரவள்ளி மாவுப்பூச்சி பார்க்கப் போயிருந்தேன். திண்ணைச் சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். கவலை இறைக்கிறார்கள். எருதுகள் வாரியில் இறங்க, வடக்கயிற்றின் மேல் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். தோல் தும்பியிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது.

"எங்கப்பாருங்க. 1962ல எடுத்தது. வாய்க்கால்ல நிக்கிற பொடியன் நாந்தானுங்க" என்றார் வீட்டுப் பெரியவர்.

படத்தில் கிணற்றுப் படிகளை எண்ணினேன். பதினோராவது படியில் தண்ணீர் நிற்கிறது. நேரில் போய்ப் பார்த்தால் அடிப்பாறை வரை காய்ந்து கிடக்கிறது. மூடிவிட்டுக் கோழிக்கொட்டகை போட மகனுக்கு யோசனை.

அமெரிக்காவில் 1930களில் அரசே புகைப்படக்காரர்களைக் கிராமங்களுக்கு அனுப்பியது. 1936இல் ஆர்தர் ரோத்ஸ்டைன் ஓக்லஹோமாவில் எடுத்த படத்தில், புழுதிப்புயலுக்குள் ஓர் உழவரும் இரு மகன்களும் நடக்கிறார்கள். மேல்மண் பறந்துபோனதற்கு இன்றும் அது சாட்சி. நம் கிணறுகளுக்கு வீட்டுச் சுவர்தான் சாட்சி.

மழைநீரை மணல், ஜல்லி போட்ட வடிகட்டித் தொட்டி வழியாகக் கிணற்றில் விடச் சொன்னேன். "தண்ணி மறுபடி அந்தப் படிக்கு வருமுங்களா?" என்று கேட்டார்.

"உறுதி சொல்ல முடியாதுங்க ஐயா. மூடிட்டா வராதுங்கிறது மட்டும் உறுதி."

மகன் படத்தைக் கழற்றித் துடைத்து, படிகளை எண்ண ஆரம்பித்தார்.

உங்கள் வீட்டிலும் இப்படிப் படம் இருக்கும். வருஷத்தையும் ஆட்களின் பேரையும் பெரியவர்களிடம் கேட்டு, இன்றே பின்புறம் எழுதி வையுங்கள்.