நிமிர்த்துவதா, மாற்றுவதா?

இரத்தினபுரி என்றதும் மாணிக்கக் கற்களும், கேகாலை என்றதும் சரதியல் ஒளிந்திருந்த உத்துவன்கந்தையும் நினைவுக்கு வருதல் இயல்பு. இவ்விரு மாவட்டங்களும் சேர்ந்ததே சப்பிரகமுவ மாகாணம். எனினும் பிரயாண நூல்களிற் காணப்படாத சப்பிரகமுவ ஒன்றும் உண்டு. பெருவீதியை விட்டு விலகி, சிங்களக் கிராமங்களின் கமுகந் தோப்புகளையும் வயல்களையும் கடந்து, கல்லும் சேறுமாய் மேலேறும் தோட்டப் பாதைகளின் முடிவில் அது இருக்கின்றது. நுவரெலியாவிற் போல மலைக்கு மலை தேயிலையும் லயமுமாகத் தொடரும் காட்சி இங்கில்லை. இங்கோர் இறப்பர்த் தோட்டம், அங்கொரு தேயிலைத் தோட்டம், இடையிடையே ஊர்கள். நம் மக்கள் சிதறி வாழும் பிரதேசம் இது. ஆதலால் தமிழ்ப் பாடசாலை பெரும்பாலும் பக்கத்து மலையில் இராது. அதற்கும் அப்பாலே இருக்கும். பஸ் வண்டி தன் வசதிப்படி வரும். பாடசாலை மணியோ அதற்காகக் காத்திராது. இங்குள்ள மாணவனுக்குப் பழைய சைக்கிள் ஒன்று விளையாட்டுப் பொருள் அன்று என்பதை வாசகர்கள் உணர்ந்துகொள்வார்களாக.

சைக்கிளையும் இறப்பரையும் பிரித்துப் பேசுதல் இப்பகுதியில் இயலாது. 1876ஆம் ஆண்டிலே கியூ தாவரத் தோட்டத்திலிருந்து வந்த இறப்பர்க் கன்றுகள் கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடையில் நடப்பட்டன. பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1888இல், பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராயிருந்த டன்லப் என்பார் தம் மகனின் மூன்று சில்லு வண்டிக்குக் காற்றடைத்த டயரைச் செய்துகொடுத்தார். முதலிற் சைக்கிளும் பின்னர் மோட்டாரும் உலகெங்கும் இறப்பரைக் கேட்டன. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிச் சாரல்களிற் காடு அழிந்து இறப்பர் எழுந்தது அதன் பின்னரேயாம். நம் மூதாதையர் பலர் இந்தச் சாரல்களுக்கு வந்து சேர்ந்ததற்கும், பெல்பாஸ்ற் நகரத்துச் சிறுவன் ஒருவனின் வண்டிக்கும் தொடர்பில்லை என்று யார் சொல்ல வல்லார்?

அவிசாவளையிலிருந்து எகலியகொடை வழியாக இரத்தினபுரி நோக்கிச் சென்றோம். இரண்டரை அடி அகலமுடைய களனிப் பள்ளத்தாக்குச் சிறு புகைவண்டிப் பாதை 1912இல் இரத்தினபுரியை அடைந்தது; 1976இல் அவிசாவளைக்கு அப்பாற்பட்ட பகுதி மூடப்பட்டது. அது ஓடியிருந்தாற் பல மாணவர்களின் கால்கள் சற்றே ஓய்ந்திருக்கும். குருவிட்டவுக்கு மேலே தோட்டப் பாதை ஒன்றிற் பிரிந்தோம். வழிகாட்டியாக அத்தோட்டத்து மாணவன் ஒருவன் தன் சைக்கிளில் முன்னே சென்றான். சாதாரணதரப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்பவன். தாயார் பால்வெட்டும் தொழிலாளி.

அவனுடையது 'மவுண்டன் பைக்' வகையைச் சேர்ந்தது. 1970களிலே கலிபோர்னியாவின் மரின் பகுதி மலைச்சரிவிற் பழைய கனத்த சைக்கிள்களில் இறங்கி விளையாடிய இளைஞர்களால் உருவானது இவ்வகை வண்டி. பிரேக் பிடித்துப் பிடித்துப் பின் ஹப்பிலுள்ள கிறீஸ் எரிந்து புகையுமாம். ஒவ்வோர் ஓட்டத்தின் பின்னும் புதுக் கிறீஸ் நிரப்ப வேண்டியிருந்தமையால் அச்சரிவுக்கே 'ரீபாக்' என்று பெயர் வந்தது. அங்கே அது விடுமுறை நாளின் கேளிக்கை. இங்கே அதே வண்டி, புத்தகப் பையையும் சில வேளை அரிசிச் சாக்கையும் சுமந்துகொண்டு, ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் மண்ணில் நாள்தோறும் ஏறி இறங்குகின்றது.

அன்று காலையிலும் மழை. வளைவொன்றில் நீர் அறுத்த கான் பாதையை ஊடறுத்துக் கிடந்தது. பையன் அதைக் கண்டு திருப்பினான். முன் சில்லு தப்பியது, பின் சில்லு மதகின் விளிம்பிற் குறுக்கே மோதியது. முழங்கையில் சிராய்ப்பு மாத்திரமே. சில்லோ பொரித்த அப்பளம்போல நெளிந்து, சட்டத்திற் சிக்கி, சுழல மறுத்தது. வண்டியைத் தோளில் மாற்றி மாற்றிச் சுமந்து கடைத்தெருவுக்கு இறங்கினோம்.

அங்கே தகரக் கூரையின் கீழ் சைக்கிள் திருத்தும் முதிய சிங்களவர் ஒருவர் இருந்தார். ஊரார் அவரைப் 'பாஸ்' என்றே அழைக்கின்றனர். மழையில் மரங்கள் நனைந்து வெட்டு நின்றுவிட்டமையால் பையனின் தாயாரும் செய்தி கேட்டு வந்து சேர்ந்தார்.

"புதுச் சில்லே போட்டுருங்க பாஸ். இன்னொரு தடவ விழுந்து கை ஒடைஞ்சா, பரீட்சையை எப்படிங்க எழுதுவான்?" என்றார் அவர்.

"வேணாம்மா. நிமித்தினாப் போதும். அந்தக் காசு டியூசனுக்கு வேணும்," என்றான் மகன்.

தாய் செலவழிக்கத் துணிய, மகன் தடுத்தது நமக்கு வியப்பளித்தது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. ஆயினும் மழை பெய்தால் வெட்டில்லை. குறித்த அளவு பால் சேராவிட்டால் அரைப்பேர். 2020இல் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. 2022இல் சில வாரங்களுக்குள் டொலரின் பெறுமதி 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியது. சைக்கிள் உதிரிப்பாகங்களின் விலையும் உடன் ஏறியது. அதே ஆண்டில் பெற்றோல் வரிசைகளைக் கண்டு அஞ்சியவர்கள் பரணிற் கிடந்த சைக்கிள்களை இறக்கித் திருத்த ஓடிவந்ததைப் பாஸ் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அவர் இருவருக்கும் விடை சொல்லவில்லை. "கொஞ்சம் இருங்க மல்லி, முதல்ல பாப்போம்," என்று டயரையும் டியூபையும் கழற்றினார். பின்னர் முப்பத்தாறு கம்பிகளின் நிப்பிள்களையும் ஒன்றுவிடாமல் தளர்த்தினார். இதன் காரணம் அறியத்தக்கது. சைக்கிட் சில்லின் கம்பிகள் தூண்கள்போற் சுமையைத் தாங்குவன என்று பலர் எண்ணுவர். உண்மையில் அவை கயிறுகள்போல எல்லாத் திசையிலும் ரிம்மை இழுத்துப் பிடித்திருப்பன. கம்பிகளைத் தளர்த்தியதும் ரிம் தானாகவே சமமாக விரியுமாயின், கோணல் கம்பியின் இழுப்பினால் வந்தது, திருத்திவிடலாம். தளர்த்திய பின்னும் கோணல் மாறாதிருப்பின், உலோகமே வளைந்துவிட்டது என்பது பொருள்.

இந்த ரிம் பாதி விரிந்தது, பாதி விரியவில்லை. தாயும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

பாஸ் அடுத்ததாக ஓர் இரும்பு அடிமட்டத்தை ரிம்மின் பக்கச் சுவரில் வைத்தார். நடுவிலே குழிந்திருந்தது. மழைநாளிற் பிரேக் கட்டைக்கும் அலுமினிய ரிம்முக்கும் இடையே மணல் புகுந்து அரைத்த வேலை அது. சுவர் மெலிந்தால் டயரின் காற்றழுத்தமே அதை ஒருநாள் பிளந்துவிடும். துணியால் துடைத்தபோது, நிப்பிள் துளைகள் இரண்டைச் சுற்றி மயிரிழை போன்ற வெடிப்பும் தெரிந்தது. ரிம்மின் கதை அத்துடன் முடிந்தது. மிதித்து நிமிர்த்தி, கோட்டம் எடுத்துக் கொடுத்திருந்தால் அன்று மாலை அது ஓடியிருக்கும். அடுத்த இறக்கத்தில் என்னவாகும் என்பது வேறு.

ஒடிந்த கம்பிகள் இரண்டு. ஒன்று நடுவில் முறிந்திருந்தது. மதகு செய்த வேலை. மற்றையது ப்ரீவீல் பக்கத்திலே, ஹப்பில் மாட்டும் வளைவிடத்தில் ஒடிந்திருந்தது. முறிந்த முகத்திற் பாதி பளபளத்தது, பாதியிற் பழந்துரு. அது விழுந்து ஒடிந்ததன்று. நாட்கணக்கிற் களைத்து, முன்னரே வெடித்திருந்தது. பின் சில்லின் வலப்பக்கக் கம்பிகளே அதிகம் இறுகியிருப்பவை என்பதால் முதலிற் களைப்பனவும் அவையே. ஒன்று அவ்வாறு போயின் மற்றவையும் வரிசையிற் போகும் என்பது பாஸின் அனுபவம்.

கடைசியாக ஹப். கோண்களைக் கழற்றி, பக்கத்திற்கு ஒன்பதாகப் பதினெட்டுக் குண்டுகளையும் மண்ணெண்ணெயிற் கழுவி வெயில்பட்ட இடத்திற்குக் கொண்டுவந்து பார்த்தார். சொட்டைப் புள்ளி ஒன்றுகூட இல்லை. அச்சைக் கண்ணாடித் துண்டின்மேல் உருட்டினார், ஆடாமல் உருண்டது. முதன்முறையாக அவர் முகம் மலர்ந்தது. கடையிற் பூட்டி வரும் மலிவுச் சில்லின் ஹப்பைவிட இது நல்லது என்றார்.

ஆகவே தாய் சொன்னதுமன்று, மகன் சொன்னதுமன்று. பழைய ஹப்பிலே புதிய ரிம்மும் புதிய கம்பிகளும் என்று தீர்ந்தது. முழுச் சில்லின் விலையிலும் குறைவு. அப்போது தாயார் சுவரிலே தொங்கிய பழைய இரும்பு ரிம் ஒன்றைச் சுட்டி, அது இன்னும் மலிவல்லவா என்று வினவினார். பாஸ் தலையசைத்துவிட்டார். குரோம் பூசிய இரும்பு நனைந்தால் பிரேக் பிடிக்காது; தட்டையான ஊரிற் போடலாம், இந்த மழையிலும் இந்த இறக்கத்திலும் போடமாட்டேன் என்றார். விற்பனையைத் தானே மறுக்கும் வியாபாரியைக் காண்பது அரிது.

கோக்கும் வேலை பொழுது சாயும்வரை நீண்டது. ஒவ்வொரு கம்பியும் மூன்று கம்பிகளைக் குறுக்காகக் கடந்து சென்றது. காற்சுற்று, காற்சுற்றாக இறுக்கி, விரலாற் சுண்டி, தந்தியின் ஓசையைக் கேட்பதுபோலக் காது கொடுத்தார். அடுத்தடுத்த கம்பிகளை இணைத்துக் கையால் அழுத்தினார். சிறு முறுமுறுப்புடன் அவை தத்தம் இடத்திற் படிந்தன. பையன் அருகிற் குந்தியிருந்து சாவியை வாங்கித் தானும் நாலைந்து நிப்பிள்களைத் திருகினான். கணிதப் பாடத்தில் வட்டத்தின் தொடலி வரும் இடத்தை இனி மறக்கமாட்டான் என்று நாம் சொன்னதற்கு, அந்தப் பாடம் இன்னும் நடக்கவில்லை, ஆசிரியர் மாற்றலாகிப் போய்விட்டார் என்று பதில் வந்தது.

பாதிப் பணத்தைத் தாயார் முந்தானை முடிச்சிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மிகுதி சம்பள நாளில் என்று டியூப் பெட்டி மட்டையிற் குறித்துக்கொண்டார் பாஸ். புதுக் கம்பி ஒரு வாரத்திற் சற்றுத் தளரும், ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்தால் மறுபடி இறுக்கித் தருவேன், அதற்குக் காசில்லை என்று இருமுறை சொன்னார்.

மழை விட்டிருந்தது. பையன் ஏறி மிதித்துப் பார்த்தான். சில்லு சட்டத்தில் உரசாமல் நேராகச் சுழன்றது. நாம் இரத்தினபுரி பஸ்ஸுக்காக நின்றோம். தாயார் வளைந்த பழைய ரிம்மைக் கேட்டு வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். லயத்துப் பின்புறத்திலே பாகற்கொடி படர வளையம் வேண்டுமாம்.