ரீஸ்டார்ட் கொடுப்பதற்கு முன்

'சர்வர் படுத்துடுச்சு' என்று போன் வந்ததும் பெரும்பாலான அட்மின்களின் விரல் முதலில் போவது ரீஸ்டார்ட் கட்டளைக்குத்தான். பல நேரம் அது பலிக்கவும் செய்கிறது. அந்தப் பழக்கம் வேரூன்ற அதுவே போதும். பழுதின் தடயமும் கூடவே அழிந்துபோவதை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

502 பிழையை எடுத்துக்கொள்வோம். வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் அந்த எண்ணைத் திரையில் காட்டுகிறது என்றாலே என்ஜின்எக்ஸ் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். பின்னால் ஓடும் பிஎச்பியோ நோடோதான் செத்துக் கிடக்கிறது, அல்லது புரியாத பதிலைத் தருகிறது. 504 என்றால் குறித்த நேரத்துக்குள் பதில் வரவில்லை. டேட்டாபேஸில் ஏதோ ஒரு குவரி இழுத்துக்கொண்டிருக்கலாம். இதற்கெல்லாம் என்ஜின்எக்ஸை ரீஸ்டார்ட் செய்வது, 'முதலாளி உள்ளே இல்லை' என்று சொன்ன வாட்ச்மேனை வேலையை விட்டு நீக்குவதற்குச் சமம். எரர் லாகின் கடைசிச் சில வரிகளைப் படித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

புதியவர்களை அதிகம் குழப்புவது டிஸ்க். தளம் திறக்கவில்லை, டேட்டாபேஸ் எழுத மறுக்கிறது. 'டிஎஃப்' கட்டளை டிஸ்க் 100 சதவீதம் நிரம்பியதாகச் சொல்கிறது. தேடிப் பார்த்தால் பல ஜிபிக்கு வீங்கிய ஆக்சஸ் லாக். அழிக்கிறார்கள். மறுபடி டிஎஃப் போட்டால் அதே 100! ஃபோல்டர்களைக் கூட்டிப் பார்க்கும் 'டியு' மட்டும் இடம் காலி என்கிறது. இரண்டுமே உண்மைதான். லினக்ஸில் ஃபைலை அழித்தால் முதலில் போவது அதன் பெயர். ஏதாவது ஒரு புராசஸ் அதைத் திறந்து வைத்திருக்கும்வரை உள்ளே இருக்கும் டேட்டா டிஸ்க்கை விட்டு நகராது. 'எல்எஸ்ஓஎஃப்' கட்டளை அப்படிப்பட்ட ஃபைலுக்குப் பக்கத்தில் 'டெலீட்டட்' என்று போட்டே காட்டும். என்ஜின்எக்ஸிடம் லாகை மூடித் திறக்கச் சொன்னால் போதும், இடம் திரும்பிவிடும். லாகை அழிக்காமல் காலி மட்டும் செய்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. பழைய லாகைத் தானாகவே ஒதுக்கி அழிக்கும் லாக்ரொட்டேட் சரியாக ஓடியிருந்தால் அதற்கும் அவசியம் இருந்திருக்காது.

ஜிபி கணக்கில் இடம் இருந்தும் 'இடமில்லை' என்று சர்வர் அடம்பிடித்தால் ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று செலவாகும் பதிவு) தீர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். யாரும் கூட்டிப் பெருக்காத செஷன் ஃபைல்கள் லட்சக்கணக்கில் குவிந்தால் இப்படி ஆகும்.

அவசரத்தில் கை வைப்பது எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும் என்பதற்கு, மென்பொருள் கோடுகளைச் சேமித்துவைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தின் கதையே போதும். 2017 ஜனவரி 31 இரவு, அங்கே இரண்டாவது டேட்டாபேஸ் சர்வர் முதல் சர்வரோடு ஒத்துப்போக மறுத்தது. இரண்டாவதில் இருந்த டேட்டா ஃபோல்டரை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க நினைத்த எஞ்சினியர், கட்டளையைக் கொடுத்தது முதல் சர்வரில். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபிதான்.

பேக்கப் இருக்குமே என்று போனால், வைத்திருக்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. பேக்கப் எடுக்கும் மென்பொருளின் பதிப்பு டேட்டாபேஸின் பதிப்போடு பொருந்தாததால் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களோ, சரியாகக் கையொப்பமிடப்படாததால் பெறும் இடத்திலேயே நிராகரிக்கப்பட்டிருந்தன. சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்து வைத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் கைகொடுத்தது. மீட்கும் பணியை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். அந்தத் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும். எந்த சர்வரில் இருக்கிறோம் என்று டெர்மினலில் பளிச்சென்று தெரியும்படி செய்வதும் அவர்கள் பிறகு எடுத்த நடவடிக்கைகளில் ஒன்று. காசு செலவில்லாத இந்த வேலையை யார் வேண்டுமானாலும் இன்றே செய்துகொள்ளலாம்.

பேக்கப் வெற்றி என்று தினமும் மின்னஞ்சல் வருகிறதா? இந்த வாரமே அதை வேறொரு சர்வரில் ரீஸ்டோர் செய்து, தளம் திறக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.